கத்தரி வெயிலில் ஏழாம் மாதம்

திருவண்ணாமலை
சித்திரை 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. 

நேற்று போனில், அடுத்த சனிக்கிழமை உன் நாத்தனார் வீட்டாரோடு எல்லோரும் திருப்போரூர் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, "நானும் போகலாமா அத்தை?" என்று கேட்டாய். பக்கத்தில் ஆட்கள் இருக்கும் சத்தம் கேட்டது. அதனால்தான் "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. போனில் சொன்னால் பாதியில் யாராவது வாங்கிப் பேசுவார்கள். கடிதமென்றால் தனியாக உட்கார்ந்து படிப்பாய் என்றுதான் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

முதலிலேயே ஒன்று. போவதும் போகாததும் உன் விருப்பம். நான் தடுக்க மாட்டேன். ஆனால் நர்ஸாக என் சர்வீஸ் முழுக்கக் கர்ப்பிணிகள் வீட்டு வாசலில் நின்றவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"ராட்டினத்துல ஏற மாட்டேன் அத்தை, சும்மா உக்காந்திருப்பேன்" என்றாய். ஏறுவது பற்றிப் பேச்சே இல்லை. கர்ப்பிணிகள் ஏறக்கூடாது என்று பெரும்பாலான ராட்டினங்களின் வாசலிலேயே எழுதியிருப்பார்கள். வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கும்போது வரும் குலுக்கலில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிட வாய்ப்புண்டு. அப்படி ஆனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. தண்ணீர்ச் சறுக்குகளும் அப்படித்தான். அது உனக்கே தெரியும், விடு.

என் கவலை அந்த "சும்மா உக்காந்திருப்பேன்" என்பதில்தான். காலையில் உள்ளே போய்ச் சாயங்காலம் வெளியே வருகிற இடத்தில் யாரும் சும்மா உட்காருவதில்லை. டிக்கெட் வரிசையில் நிற்பாய். பிள்ளைகள் ஏறுவதைப் பார்க்க நிற்பாய். சாப்பாட்டு வரிசையில் நிற்பாய். இடையில் எல்லோருடைய பையும் செல்போனும் உன் மடியில் இருக்கும், அதனால் இருக்கிற இடத்தை விட்டு நீ நகரவும் முடியாது.

இந்த மாதத்தில் உன் உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது தெரியுமா? ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடிக்கொண்டிருக்கிறது. இதயம் நிமிடத்துக்குப் பத்து இருபது துடிப்பு அதிகமாகத் துடிக்கிறது. ரத்தக்குழாய்கள் தளர்ந்திருக்கின்றன. குழந்தையின் சூட்டையும் உன் தோல்தான் வெளியேற்ற வேண்டும். வெயிலில் நின்றால் ரத்தம் தோலுக்கும் காலுக்கும் இறங்கிவிடும், தலைக்குப் போவது குறையும். வரிசையில் நிற்கிற கர்ப்பிணி கண் இருட்டிச் சாய்வது இதனால்தான். அதை "பிள்ளைத்தாச்சி மயக்கம்" என்று சொல்லித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விடுவார்கள். விழும்போது வயிறு எதில் இடிக்கிறது என்பதை அல்லவா பார்க்க வேண்டும்!

நம்ம ஊர் வெயில் வேறு, அந்தக் கடலோர வெயில் வேறு. இங்கே 40 டிகிரி காய்ந்தாலும் வேர்வை உலரும், உடம்பு ஆறும். அங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால் வேர்வை வழியுமே தவிர உலராது. உன் நாத்தனார் வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள், அவர்களுக்கு இது புரியாது. தப்பு சொல்லவில்லை, அவர்கள் ஊர்க் காற்று அப்படி. கத்தரி முடிய இன்னும் மூன்று வாரம் ஆகும். அதற்குள் பிள்ளைகளுக்கு லீவு முடியாதே, அந்தச் சனிக்கிழமைதான் போக வேண்டும் என்று யார் முடிவு செய்தது?

இன்னொரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் பயமுறுத்துகிறேன் என்பாய். உடம்புச் சூடு 39 டிகிரிக்கு மேல் ஏறினால் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாவதில் கோளாறு வரலாம் என்று சொல்வது கர்ப்பத்தின் தொடக்க வாரங்களைப் பற்றியது. அதை நீ தாண்டிவிட்டாய். இப்போது பயப்பட வேண்டியது நீர் வற்றுவதைப் பற்றி. நீர் வற்றினால் கர்ப்பப்பை இறுக ஆரம்பிக்கும். பெரும்பாலும் தண்ணீர் குடித்து, இடது பக்கமாகப் படுத்தால் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அது குறைமாதப் பிரசவத்தில் போய் நிற்கலாம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். "தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போறேன்" என்பாய். எடுத்துப் போவாய். குடிக்க மாட்டாய். நம் வீட்டுப் பெண்களை எனக்குத் தெரியும். வெளியே கிளம்பினால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் எல்லோரும் காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் யாராவது முகம் சுளிப்பார்கள். ஏழாம் மாதத்தில் கர்ப்பப்பை மூத்திரப்பையை அழுத்துகிறது, அரை மணிக்கு ஒருமுறை போகத் தோன்றும். அத்தனை தடவை எழுந்திருக்கக் கூச்சப்பட்டு வாயைக் கட்டுவாய்.

உனக்கு அந்தத் திருப்பதி வேன் ஞாபகமிருக்காது, நீ பிறக்கவே இல்லை. உங்கம்மா வயிற்றில் உன் அண்ணன். இதே சித்திரை. வேலூரைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி என்னிடம் ஜாடை காட்டினாள். நான் உன் சித்தப்பாவிடம் சொன்னேன். "இன்னும் அரை மணி நேரம், அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றான். மறுபடி சொன்னேன். "இவங்களோட கிளம்பினா இதே வேலை" என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு உங்கம்மா வாயைத் திறக்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. சித்தூர் போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க டிரிப்ஸ் ஏற்றி, சிறுநீரில் கிருமி என்று ஊசி போட்டு, விடிகிறபோதுதான் வலி அடங்கியது. என் தம்பிதான் அவன், என்றாலும் சொல்கிறேன். இன்றைக்கும் அதைக் கண் திருஷ்டி என்கிறான். திருஷ்டியாம்! சிறுநீரை அடக்குவதாலும் தண்ணீர் குடிக்காததாலும் கிருமி பெருகுகிறது, கர்ப்பத்தில் அது சிறுநீரகம் வரை ஏறுவது சுலபம், ஏறினால் பிரசவ வலியைக் கிளப்பிவிடும் என்று அவனிடம் எத்தனையோ தடவை விளக்கியாயிற்று. போன பொங்கலுக்குக்கூட அந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். உங்கம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நான் சப்-சென்டரில் இருந்தபோது கடலைக் காட்டில் வேலை செய்கிற கர்ப்பிணிகள் இதையேதான் சொல்வார்கள். "தண்ணி குடிச்சா எங்க போய் ஒதுங்கறது சிஸ்டர்?" அவர்களுக்கு மறைவிடம் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தார் 2017-ல் தொடங்கித் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2024-ல் வெளிவந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவுக்கும், குழந்தை இறந்து பிறப்பதற்கும் ஆபத்து இரண்டு மடங்காக இருந்திருக்கிறது. அவர்கள் நாள்தோறும் வெயிலில் வெந்தவர்கள், உனக்கு ஒரு நாள்தான். இரண்டையும் ஒன்றாக வைத்து நான் பேசவில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குக் கூலி போய்விடும் என்பதால் வேறு வழியில்லை. உனக்கு என்ன இருக்கிறது? நாத்தனார் வருத்தப்படுவாள் என்பதைத் தவிர?

சரி, போகத்தான் வேண்டுமென்றால் இதையெல்லாம் செய். வேனில் ஏறாதே, உங்கள் காரில் போ. சாவி மாப்பிள்ளையிடம் இருக்கட்டும், மாப்பிள்ளை உன்னோடு இருக்கட்டும். உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறை எங்கே என்பது, அடுத்து ஃபர்ஸ்ட் எய்டு அறை. பதினொன்றிலிருந்து மூன்று வரை கூரைக்கு அடியில், காற்றோட்டமான இடத்தில் இரு. தண்ணீர் விளையாட்டுப் பக்கம் நைலான் உடைதான் போட வேண்டும் என்பார்கள், தரையும் வழுக்கும், அந்தப் பக்கமே வேண்டாம். பருத்திப் புடவையோ தளர்வான சுடிதாரோ போட்டுக்கொள். சாதாரண நாளிலேயே இரண்டு, இரண்டரை லிட்டர் குடிக்க வேண்டியவள் நீ, அன்றைக்கு அதற்கு மேலேயே வேண்டும். தாகத்துக்காகக் காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு வைத்துக்கொள், பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுக்குச் சரியாகத் தண்ணீர் ஊற்று. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். தாய் சேய் நல அட்டையைப் பையில் வை. ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவை வயிறு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கண் மங்கித் தலை வலித்தாலோ, குட்டி அசைவது குறைந்தாலோ, யாரிடமும் அனுமதி கேட்காதே. கார் எடுக்கிற நிலைமை இல்லையென்றால் 108. இதையெல்லாம் ஏழாம் மாத வயிற்றோடு நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு நடுவில் பிள்ளைகளுக்குக் கையாட்டிச் சிரித்துக்கொண்டு இருப்பதில் என்ன சந்தோஷம் என்று எனக்குத் தெரியவில்லை. நீயே யோசித்துக்கொள்.

மாப்பிள்ளையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல். "அத்தை வேண்டாங்கறாங்க" என்று சொல்லிவிடு, பழியை நான் வாங்கிக்கொள்கிறேன். உன் மாமியார் நாலு பிள்ளை பெற்றவர், நல்ல மனுஷி, உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டார். அவர்கள் போய்வரட்டும். நீ அன்றைக்கு வீட்டில் ஃபேனுக்கு அடியில் நன்றாகத் தூங்கு. சாயங்காலம் அவர்களோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கு. தை மாதம் குட்டிக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும், வெயிலும் இருக்காது. நான் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்காருகிறேன், நீ எந்த ராட்டினத்தில் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறு. டிக்கெட் மாமா செலவு.

இவ்வளவு எழுதிவிட்டேனே என்று கோபப்படாதே கண்ணு. நீ சின்ன வயதிலிருந்தே சமர்த்து. மூன்றாம் வகுப்பில் காய்ச்சலோடு ஸ்கூலுக்குப் போய்விட்டு, டீச்சரிடம் நீயே சொல்லி வீட்டுக்கு வந்த பெண் நீ. நம் குடும்பத்தில் அப்படி வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவள் நீ ஒருத்திதான், எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதே இல்லை. நீ போனாலும் எனக்குக் கோபமில்லை, சத்தியமாக இல்லை. போய்விட்டு வந்து எல்லாவற்றையும் எனக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வடுமாங்காய் கேட்டாயே, போட்டாயிற்று. எள்ளுருண்டையும் பிடித்து வைத்திருக்கிறேன். மல் துணியில் நாலு நைட்டி தைக்கக் கொடுத்திருக்கிறேன், மேலே ஜிப் வைத்து, பிரசவத்துக்குப் பிறகும் ஆகும். வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே நானும் மாமாவும் வந்துவிடுகிறோம். இல்லை, இந்த வாரமே வரச் சொன்னால்கூட வருகிறேன், ஒரு போன் போடு போதும். கால் வீங்கியிருக்கிறது என்றாயே, நான் வந்து பிடித்துவிடுகிறேன்.

குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

அன்புடன்,
அத்தை

பி.கு.: கடிதம் கையில் கிடைத்ததும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போன் பண்ணு.