“நீ இன்னும் ஈப்போவுலதானா?” என்று கேட்டால்...

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்குத் தட்டு வருமுன்னே கேள்வி வந்துவிடும்: “தம்பி சிங்கப்பூர்ல இருக்கான், நீ இன்னும் இங்கதானா?” மனம் சுருங்காமல் இருக்க:

1. பதிலைத் தயாராக வையுங்கள். பதவியோடு நிறுத்தாமல், “சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றேன்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். பேச்சு சம்பளத்தை விட்டு நகரும்.

2. ‘போதும்’ என்ற தொகையை எழுதுங்கள்: வீட்டுக் கடன், பள்ளிச் செலவு, பெற்றோர் மருந்து, சேமிப்பு. எல்லை தெரியாவிட்டால் அடுத்தவர் சம்பளமே நமக்கு எல்லையாகும்.

3. வேலை மாறுமுன் கழித்துப் பாருங்கள். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வாடகை, டோல், ஊர் வந்துபோகும் செலவு போக மிஞ்சுவதே உண்மையான உயர்வு.

4. வாரம் ஒரு மாலை சீனிவாசகம் பூங்காவில் குடும்பத்தோடு நடங்கள். கைப்பேசி காரிலேயே இருக்கட்டும். வீட்டாரின் பேச்சை முழுதாகக் கேட்க அந்த ஒரு மணி நேரம் போதும்.

5. பெற்றோரை அவர்கள் வாழ்ந்த பழைய ரப்பர் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். லயத்து அண்டைவீட்டார் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள் எதை வெற்றி என்று நினைத்தார்கள் என்பது அப்போது தெரியவரும்.

6. பணி ஓய்வுக்கு முன்பே ஒரு பொறுப்பை எடுங்கள். தைப்பூசத்தில் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்கு நடப்பவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவதும் பொறுப்புதான். மலேசியத் தனியார் துறையில் 2013 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. பொறுப்பு ஒன்று இருந்தால், அதற்குப் பிறகும் உங்களைத் தேடி நாலு பேர் வருவார்கள்.