மின்சாரக் காரும் மூன்று முனைப் பிளக்கும்

செம்பூரில் வசிக்கும் என் மாமா சென்ற ஆண்டு ஒரு மின்சாரக் கார் வாங்கினார். வாங்கிய நாள் முதலே அவருக்கு ஓர் ஆசை. மே மாதம் வரும் கோயில் கொடைக்கு ரயிலேறாமல், குடும்பத்தோடு அந்தக் காரிலேயே திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே அது. மும்பையிலிருந்து புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாக ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். காரோ ஒரு முறை மின்னூட்டினால் 280 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. வழிநெடுக மின்சாரம் வாங்கியே தீரவேண்டும்.

"மருமவனே, நீ கரண்டுப் படிப்புதானே படிக்கே? வழிக்கு என்னென்ன அடாப்டர் வேணுமோ, நீயே பார்த்து வாங்கிட்டு வா" என்று சொல்லி மாமா பணத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

மின்பொறியியலில் இரண்டாண்டு முடித்தவன் என்ற இறுமாப்போடு தாராவியில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு மின்சாமான் கடைக்குப் போனேன். அரை மணி நேரத்தில் நான்கு பொருள்களோடு வெளியே வந்தேன். அந்த நான்கில் ஒன்று பயனுள்ளது; இரண்டு வேண்டாதவை; மற்றொன்று உயிரை வாங்கக் கூடியது. இதை நான் எவ்வாறு அறிந்தேன் என்பதையும், அதனால் கற்றவற்றையும் மன்றத் தோழர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். காரின் மின்கலம் நேர்மின்சாரத்தை மட்டுமே ஏற்கும். நம் வீட்டுச் சுவரில் வருவது மாறுமின்சாரம். ஆதலின் இரண்டுக்கும் இடையில் ஒரு மாற்றும் பொறி வேண்டும். அப்பொறி காருக்குள்ளேயே உண்டு, ஆனால் சிறியது. மாமாவின் காரில் இருப்பது 3.3 கிலோவாட். நெடுஞ்சாலை நிலையங்களில் இதே வேலையைச் செய்யும் பெரும்பொறி ஓர் அலமாரியைப்போல் தரையில் நிற்கிறது. அது 30, 60 கிலோவாட் அளவில் நேர்மின்சாரத்தை மின்கலத்துக்கே நேராக ஊட்டிவிடுகிறது. 40 யூனிட் கொள்ளும் மின்கலத்தை வீட்டுப் பிளக் நிரப்ப 13 மணி நேரம் ஆகுமானால், அந்த அலமாரி ஒன்றரை மணிக்குள் முடித்துவிடும். "வீட்டுப் பிளக்கிலேயே அந்த வேகத்தைக் கொடுக்கிற அடாப்டர் உண்டாமே?" என்று மாமா கேட்டார். இல்லை. குழாயின் வாயை மாற்றினால் கிணற்றில் ஊற்றுப் பெருகுமா?

காரின் மின்வாயைத் திறந்து பார்த்தால் மேலே ஏழு துளைகளும், கீழே இரண்டு பெருந்துளைகளும் தெரியும். மேற்பாதிக்கு டைப் 2 என்று பெயர், அது மாறுமின்சாரத்துக்கு. கீழ்ப்பாதியையும் சேர்த்தால் சி.சி.எஸ்.2; அது நேர்மின்சாரத்துக்கு. நம் நாட்டில் தொடக்கத்தில் இத்துறையில் பெருங்குழப்பம் இருந்தது. 2017-இல் பாரத் ஏ.சி.001, பாரத் டி.சி.001 என்று இரு வகைகள் வந்தன. 2018 டிசம்பரில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள், பொது நிலையங்களில் இவற்றோடு ஐரோப்பிய வகையும் ஜப்பானிய வகையான சாடெமோவும் இருக்கவேண்டும் என்றன. இத்தனையையும் ஒரே இடத்தில் வைக்க யாரால் இயலும்? மறு ஆண்டே அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. பின்னர் வந்த கார்கள் பெரும்பாலும் சி.சி.எஸ்.2 பக்கமே சாய்ந்துவிட்டன. நிலையத்தின் நேர்மின்சாரக் கம்பி நிலையத்தோடேயே பிணைக்கப்பட்டிருப்பதால், அதற்காக நாம் வாங்கிச் செல்லவேண்டியது ஒன்றுமில்லை. நம் தேர்வெல்லாம் மாறுமின்சாரத்தைப் பற்றியதுதான்.

காரோடு ஒரு கையடக்க மின்னூட்டி தருகிறார்கள். ஒரு முனையில் டைப் 2; மறுமுனையில் நம் வீடுகளில் கிரைண்டருக்கும் வெந்நீர்ப் பொறிக்கும் போடும் பெரிய மூன்று முனைப் பிளக். இவ்வுருண்டை முனைகள் பிரிட்டிஷார் விட்டுச்சென்றவை. அவர்களோ 1947-இலேயே சதுர முனைக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். நாம் இன்னும் உருண்டையை விடவில்லை! நடுவில் ஒரு பெட்டி தொங்குகிறது. அதைத்தான் பலர் மின்னூட்டும் பொறி என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது மின்சாரத்தை மாற்றுவதில்லை. காவல் காக்கிறது, காரோடு பேசுகிறது.

பேசுகிறது என்று சொன்னது அணிக்காக அன்று. மாதுங்காவில் பயிலும் நண்பன் ஒருவன் தன் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதை எனக்குக் காட்டினான். பெட்டியிலிருந்து வரும் சைகைக் கம்பியை அலைகாட்டியில் இணைத்தோம். காரில்லாத நிலையில் 12 வோல்ட் ஒரே கோடாக நின்றது. காருக்குப் பதிலாக ஒரு டயோடையும் 2,740 ஓம் தடையையும் வைத்தவுடன் மேற்பக்கம் 9 வோல்ட்டாக இறங்கி, வினாடிக்கு 1,000 தடவை மேலும் கீழும் துள்ளும் சதுர அலை பிறந்தது. இன்னொரு தடையைப் பக்க இணைப்பாகச் சேர்த்து 6 வோல்ட் ஆக்கினோம். பெட்டிக்குள் 'டக்'கென்று ரிலே மூடியது. "கார் வந்துவிட்டது" என்பது 9 வோல்ட்; "மின்சாரம் தா" என்பது 6 வோல்ட். அந்தச் சதுர அலை ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை பங்கு நேரம் மேலே நிற்கிறது என்பதே "இவ்வளவு ஆம்பியருக்கு மேல் இழுக்காதே" என்னும் கட்டளை. நூற்றுக்கு 25 பங்கு என்றால் 15 ஆம்பியர். ஆறில் ஒரு பங்கு என்றால் 10 ஆம்பியர். சதவீதத்தை 0.6 ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும்.

இங்கே தோழர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். அந்தக் கட்டளை பெட்டியிலிருந்து காருக்குப் போகிறதேயன்றி, சுவரிலிருந்து பெட்டிக்கு எதுவும் வருவதில்லை. தனக்கு முன்னால் இருப்பது 16 ஆம்பியர் பவர் பிளக்கா, விளக்குக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கா என்பது பெட்டிக்குத் தெரியாது. நாம் இடையில் ஓர் அடாப்டரைச் செருகினால், பெரிய முனை சிறிய துளையில் நுழைகிறது. சுவருக்குள் ஓடும் கம்பி பருத்துவிடுவதில்லை. கடையில் நான் வாங்கிய இரண்டாவது பொருள் இத்தகைய 'கன்வெர்ட்டர்'தான்.

அதன் விளைவைக் கணக்கிடுவோம். தேய்ந்த ஒரு தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 15 ஆம்பியர் ஓடினால் அங்கே பிறக்கும் வெப்பம் 22.5 வாட். தாராவிப் பட்டறைகளில் ரேடியோ பழுது பார்ப்பவர் கையிலுள்ள சிறு பற்றுக்கோல் 25 வாட்தான். அது ஈயத்தை உருக்குகிறது. அதே வெப்பத்தை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் பத்து மணி நேரம் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? மிக்சி ஐந்து நிமிடம் ஓடும்; இஸ்திரிப்பெட்டி சூடேறியதும் தானே அணையும். கார் ஒன்றுதான் இரவு முழுதும் ஓயாமல் இழுக்கிறது. மின்னோட்டத்தை 10 ஆம்பியராகக் குறைத்தால் அந்த 22.5 வாட் 10 வாட்டாகிவிடும். ஆகவே மின்னோட்டத்தைக் குறைத்துவைக்கும் வசதியுள்ள மின்னூட்டி, பத்து அடாப்டர்களைவிட மேலானது.

மூன்றாவதாக நான் வாங்கியது 30 மீட்டர் நீட்டிப்புக் கம்பி, உருளையில் அழகாகச் சுற்றியது, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. போகவும் வரவும் 60 மீட்டர். தடை ஏறத்தாழ 0.73 ஓம். 15 ஆம்பியரில் 11 வோல்ட் வழியிலேயே இறங்கும். 160 வாட்டுக்கு மேல் கம்பியே தின்றுவிடும். உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் அத்தனை வெப்பமும் உள்ளேயே அடைபட்டு உறை உருகும். வேண்டுவது 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டரில் பத்து மீட்டர். அதையும் முழுதும் விரித்துப் போடவேண்டும்.

இனி நான்காவது பொருள். அதைப் பற்றி எழுதவே இவ்வளவும் எழுதினேன்.

எர்த் சரியாக இல்லாத பிளக்கில் மின்னூட்டியைச் செருகினால் சிவப்பு விளக்கு எரியும். கார் மின்சாரம் ஏற்காது. நம் நாட்டு நெடுவழியில் இது அன்றாடத் தொல்லை. கடைக்காரர் ஒரு சிறு பிளக்கை எடுத்து நீட்டி, "தம்பி, இதை நடுவுல போட்டா சிவப்பு லைட்டே வராது, ஊருக்குப் போற காருக்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க" என்றார். "அப்படியா அண்ணாச்சி, ஒண்ணு கொடுங்க" என்று நானும் வாங்கிப் பையில் போட்டேன். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கோலாப்பூரைத் தாண்டி ஒரு விடுதியில் இரவு தங்கினோம். கோடைமழை பெய்து முற்றமெல்லாம் சேறு. சமையலறைச் சுவரில் ஒரு பவர் பிளக் இருந்தது. மின்னூட்டியைச் செருகினோம், சிவப்பு விளக்கு. "அந்தச் சின்னப் பிளக்கைப் போடு மருமவனே, எல்லாரும் தூங்கணும்" என்றார் மாமா. பையில் கைவிட்டேன். மல்டிமீட்டரும் டெஸ்டரும் முதலில் அகப்பட்டன. சோதித்துப் பார்த்துவிடலாமே என்று ஓர் எண்ணம்; அறிவினால் எழுந்ததென்று சொல்லமாட்டேன், பழக்கத்தினால் எழுந்தது.

எர்த் துளை மேலே இருக்கும்படி பிளக்கை நோக்கினால் வலப்புறம் பேஸ், இடப்புறம் நியூட்ரல் இருக்கவேண்டும். டெஸ்டர் இடப்புறத்தில் எரிந்தது. யாரோ கம்பியை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். எர்த் துளைக்கும் மற்றவற்றுக்கும் இடையில் மீட்டர் ஒரு நிலையில் நில்லாமல் அலைந்தது. அதற்குப் பின்னால் கம்பியே இல்லை. பிறகுதான் அந்தச் சிறு பிளக்கைத் திருகாணி கழற்றித் திறந்தேன். உள்ளே எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் சேர்த்து ஒரு விரற்கடைக் கம்பி. வேறொன்றும் இல்லை.

தோழர்களே, அதைச் செருகியிருந்தால் நடந்திருக்கக் கூடியதை எண்ணிப் பாருங்கள். நியூட்ரல் இருக்கவேண்டிய இடத்தில் பேஸ் இருந்தது. அந்த ஒரு விரற்கடைக் கம்பி பேஸை எர்த்தோடு சேர்த்திருக்கும். எர்த் கம்பியோ காரின் உடலோடு இணைந்தது. கார் முழுதும் 230 வோல்ட். ரப்பர்ச் சக்கரத்தின்மேல் நிற்பதால் மின்சாரம் தரைக்கு இறங்காது, ஃபியூஸ் போகாது. மின்னூட்டியோ எல்லாம் ஒழுங்கென்று பச்சை விளக்குக் காட்டும். அது எதிர்பார்க்கும் அளவுகள் அப்படியே கிடைத்துவிடுகின்றனவே! கசிவைக் கண்டால் 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கவேண்டிய காவற்கருவி போகும் மின்னோட்டத்தையும் வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டே கசிவை அறிகிறது. இந்த மின்சாரமோ எர்த் கம்பி வழியாகப் புறவாசலில் வருகிறது. அதன் கண்ணில் படாது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பவரின் உடல் தடை 1,000 ஓம் என்று கொண்டால், காரைத் தொட்டவுடன் பாய்வது 230 மில்லி ஆம்பியர். அந்நேரம் மாமாவின் கடைக்குட்டி, ஐந்து வயது, செருப்பில்லாமல் காரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

மாமாவிடம் படம் வரைந்து காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. காலையில் மீதமிருந்த மின்சாரத்தோடு மெல்ல ஓட்டி, 35 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நேர்மின்சார நிலையத்தை அடைந்தோம். பயணம் மூன்று மணி நேரம் தாமதமாயிற்று, அவ்வளவுதான்.

பயனுள்ள பொருள் ஒன்று உண்டு என்றேனல்லவா? அது பெரிய மூன்று முனையிலிருந்து நீல நிறத் தொழிற்கூடப் பிளக்குக்கு மாற்றும் அடாப்டர். பாரத் ஏ.சி.001 நிலையத்தின் வாயும் அதே நீல வகைதான், ஒவ்வொன்றும் 3.3 கிலோவாட். இது 16 ஆம்பியரிலிருந்து 16 ஆம்பியருக்கே போவதால் இதில் ஏமாற்று இல்லை. ஹூப்ளிக்கு அப்பால் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் இதுவே கைகொடுத்தது. அதனோடு இருபுறமும் டைப் 2 உள்ள கம்பி ஒன்றும் வாங்கியிருக்கவேண்டும். கம்பியில்லாமல் வாய் மட்டும் உள்ள நிலையங்கள் உண்டு. பெங்களூரில் அப்படி ஒன்றின் முன் வெறுங்கையோடு நின்றோம். அக்கம்பியின் முனைக்குள் ஒரு சிறு தடை வைத்திருப்பார்கள். 220 ஓம் என்றால் 32 ஆம்பியர் தாங்கும், 680 ஓம் என்றால் 20 ஆம்பியர். தான் எவ்வளவு தாங்குவேன் என்று கம்பியே சொல்லிவிடுகிறது. சந்தையில் விற்கும் மற்ற அடாப்டர்களுக்கு இந்த நாணயம் இல்லை.

ஊர் போய்ச் சேர்ந்தால் பாட்டி வீட்டிலும் சிவப்பு விளக்குத்தான். நாற்பதாண்டுக்கு முந்திய வயரிங். அங்கே வழியில்லை என்று ஓடவேண்டியதில்லை. இரண்டு நாள் இருந்தது. உள்ளூர் மின்பணியாளர் கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் நாகம் பூசிய இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். அங்கிருந்து தனிக் கம்பியிழுத்து, முத்திரையுள்ள 16 ஆம்பியர் பிளக் ஒன்றைத் திண்ணைச் சுவரில் பொருத்தினார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் அளந்தேன், 2 வோல்ட். பழைய மீட்டர் பலகையை எண்ணி 10 ஆம்பியரில் வைத்தோம். இரவு ஒன்பதுக்குத் தொடங்கியது காலை ஏழுக்கு 20 யூனிட் ஏற்றியிருந்தது. நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை.

புறப்படும் நாளில், வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றும்படி பாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தோம்.