வெண்மை தரும் கருமணல்

உயர்தர இரசாயனவியலில் கைத்தொழில் இரசாயனம் என்றாலே நம்மில் பலருக்குச் சலிப்பு. எனக்கோ அதில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு மிகவும் பிடித்த பாடம். அதன் மூலப்பொருள் நம் நாட்டுக் கடற்கரையிலேயே கிடைப்பதுதான் காரணம்.

இயல்புகள்

இது ஒரு தைத்தேனியம் அணுவுக்கு இரண்டு ஒட்சிசன் அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த வெண்ணிறத் திண்மம். உருகுநிலை ஏறத்தாழ 1840 பாகை செல்சியஸ். நீரில் கரையாது. ஆனால் சூடான செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரையும். உரூத்தைல், அனற்றேசு, புரூக்கைற்று என்பன இதன் இயற்கையான பளிங்கு வடிவங்கள்.

இதன் தனிச்சிறப்பு முறிவுச் சுட்டியாகும். வைரத்துக்கு அது 2.42. உரூத்தைலுக்கோ ஏறத்தாழ 2.7. எனவே இதன் நுண்துணிக்கைகள் ஒளியை நன்றாகச் சிதறச் செய்கின்றன. மெல்லிய பூச்சே அடியிலுள்ள நிறத்தை மறைத்துவிடும்.

உற்பத்தி

திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கோன் ஆகியன கலந்த கனிய மணல் உண்டு. இல்மனைற்றில் இரும்பு இருப்பதால் அது கறுப்பாகத் தெரிகிறது. காந்தத்தின் உதவியால் அதைப் பிரித்தெடுக்கலாம்.

குளோரைட்டு முறையில் உரூத்தைலைக் கற்கரியுடன் சேர்த்து, ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில் குளோரின் வாயுவைச் செலுத்துவர். அப்போது தைத்தேனியம் நாற்குளோரைட்டு ஆவியாக வெளியேறும். அதைக் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கி ஒட்சிசனுடன் தாக்கமுறச் செய்தால் தூய வெண்தூள் கிடைக்கும். கூடவே வெளிவரும் குளோரினை மீண்டும் பயன்படுத்தலாம்.

பயன்கள்

நச்சுத்தன்மையுள்ள ஈய வெள்ளைக்குப் பதிலாக வந்த இச்சேர்வை இன்று சுவர்ப் பெயின்ற், காகிதம், பிளாஸ்ரிக், பற்பசை எனப் பலவற்றிலும் உண்டு. கழியூதாக் கதிர்களை உறிஞ்சுவதால் வெயில் காப்புக் களிம்புகளிலும் சேர்க்கப்படுகிறது. 1972இல் யப்பானிய விஞ்ஞானிகளான புஜிஷிமாவும் ஹொண்டாவும் இதன் ஒளியூக்கத்தால் நீரைப் பிரிக்கலாம் எனக் காட்டினர். எனினும் உணவில் இதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது.

நாம் சிந்திக்க வேண்டியது

நம் இல்மனைற்று மணலாகவே கப்பலேறுகிறது. பின்னர் வெண்தூளைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம். இங்கேயே தொழிற்சாலை அமைப்பதும் இலகுவல்ல. குளோரினும் பெருமளவு மின்சாரமும் வேண்டும். சல்பேற்று முறையை நாடினால் அமிலக் கழிவு மிஞ்சும். அது கடலில் கலந்தால் புல்மோட்டை மீனவரின் வலைதான் முதலில் வெறுமையாகும்.

மணலையும் காத்து, கடலையும் காத்து, அதன் பெறுமதியை இந்நாட்டிலேயே கூட்டும் வழியை யார் கண்டுபிடிப்பது? தோழியரே, இந்த அலகைப் பரீட்சையோடு மூடிவைக்காத ஒருத்தி நம்மிடையே இருந்தால் அது முடியும்.