ஜெர்மானியர், யூதர் குடிப்பெயர்களின் வரலாறு

தரங்கம்பாடியில் 1706-ம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரையும், தஞ்சையில் தொண்டாற்றிய சுவார்ட்ஸ் ஐயரையும் அறியாதார் நம்முள் இலர். ஆயினும், முன்னவர் குடிப்பெயர் 'ஆட்டுத்தோல்' என்றும், பின்னவர் குடிப்பெயர் 'கறுப்பு' என்றும் பொருள்படுவதைச் சிந்தித்தார் சிலரே. ஜெர்மானியர் குடிப்பெயர்களுட் பல, வீட்டிலும் வீதியிலும் வழங்கிய எளிய சொற்களேயாம்.

இடைக்காலத்தின் பிற்பகுதியில் நகரங்கள் பெருகவே, ஓரூரில் ஒரே ஞானஸ்நானப் பெயருடையார் பலராயினர். அவர்களைப் பிரித்தறியும்பொருட்டு அயலார் தொழிலையோ, உருவத்தையோ, உறைவிடத்தையோ கூட்டியழைத்தனர். மாவரைப்போன் 'மியூல்லர்', கொல்லன் 'ஷ்மிட்', தையற்காரன் 'ஷ்னைடர்', நெசவாளி 'வேபர்', சிறிய உருவினன் 'கிளைன்' ஆயினர். பின்னர் அப்பெயர் மைந்தர்க்கும் உரியதாக, நெய்தலறியாத மகனும் வேபரென்றே வழங்கப்பெற்றான்.

யூதர் செய்தி வேறு. அவருட் பெரும்பாலார் நெடுங்காலம், இன்னார் மகன் இன்னார் என்றே அறியப்பட்டனர். தத்துவஞானி மோசே மெண்டெல்சோன் (1729–1786) என்பார் பெயர் 'மெண்டெலின் மகன்' எனப் பொருள்படும். பிராங்க்பர்ட்டு யூதர் தெருவில் சிவப்புக் கேடயம் அடையாளமாயிருந்த வீட்டினர் 'ரோத்சில்டு' எனப்பட்டனர்; வேறு வீடு புகுந்த பின்னும் அப்பெயர் அவர்களை விட்டகலவில்லை.

1787-ல் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி, தம் ஆட்சிக்குட்பட்ட யூதர் யாவரும் நிலையான ஜெர்மன் குடிப்பெயர் பூணவேண்டுமென ஆணையிட்டார். பிரஷ்ய அரசும் 1812-ல், குடியுரிமை வேண்டும் யூதர்க்கு இதனையே விதித்தது. 'ரோசென்தால்' (ரோஜாப் பள்ளத்தாக்கு), 'கோல்டுபெர்க்' (பொன்மலை) முதலிய பெயர்கள் பெருகின. கிளைன், சுவார்ட்ஸ் முதலிய பெயர்களையும் யூதர் பலர் ஏற்றனர். ஆகவே, தேவாலயத்தார்க்கும் ஜெப ஆலயத்தார்க்கும் ஒரே பெயர் உரியதாயிற்று.

இவ்வொற்றுமை நாஜி அரசாங்கத்திற்கு இடராயிற்று. பெயரைக் கேட்டு யூதரைப் பிரித்தறிய இயலாமற்போகவே, அது 1938 ஆகஸ்டில் ஒரு சட்டஞ் செய்தது. தான் வகுத்த யூதப்பெயர்ப் பட்டியலிற் சேராத முன்பெயருடைய யூதருள், ஆடவர் 'இஸ்ரவேல்' என்றும், பெண்டிர் 'சாராள்' என்றும் 1939 ஜனவரி முதல் மறுபெயர் பூணவேண்டுமென்பதே அச்சட்டம். வேதத்திற் போற்றப்பெறும் அவ்விரு நாமங்களும் இவ்வாறு இகழ்ச்சிக் குறியாக்கப்பட்டன. 1945-ல் அச்சட்டம் நீக்கப்பெற்றபோது, அப்பெயர் சுமந்தாருட் பலர் உயிரோடிருந்திலர்.

அயலார் அன்பாலிட்ட பெயருமுண்டு. அரசர் ஆணையாலிட்ட பெயருமுண்டு. பெயரின் பொருளை ஆராய்தல் கல்வியாம்; பெயரைக் கொண்டு மாந்தரைப் பிரித்தல் கொடுமையாம். இதனை நாம் மறவாதிருப்போமாக.