பனிக்காலத்து நெட்டோட்டம்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர், மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றனர். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டிற் பிறந்து வளர்ந்த எமக்கு அக்காலம் இரண்டு செய்திகளை நினைவூட்டும். ஒன்று, பருத்தியும் மல்லியும் உளுந்தும் நிற்கும் புஞ்சைகளின்மேல் வைகறையிற் படியும் வெண்பனி. மற்றொன்று, பொங்கலையொட்டி ஊர்தோறும் நடைபெறும் ஓட்டப்பந்தயம். வெயிலுக்கும் வறட்சிக்கும் பெயர்பெற்ற வட்டாரத்தினன் குளிரைப்பற்றி எழுதப் புகுவது நகைப்புக்கு இடமாகலாம். வெப்பமானி 20 பாகையை அணுகிய அளவிலே போர்வை தேடுவோர் எம்மூரார் என்பதும் உண்மையே. ஆயினும் குளிர் என்பது உடல் பழகிய அளவைப் பொறுத்தது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்று எம் பாட்டியார் கூறுவது வெப்பமானியைப் பார்த்தன்று.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையின் இறுதியில், அயலூர் ஒன்றில் நடைபெற்ற 10 கிலோமீட்டர் பந்தயத்தில் யானும் ஓடினேன். ஏறத்தாழ முந்நூறு பேர் திரண்டிருந்தனர். புறப்படும் இடமோ இரண்டு மாட்டுவண்டிகள் ஒன்றையொன்று கடக்கவியலாத பாதை. முதல்நாள் பெய்த மழையால் கரிசல் இளகியிருந்தது. ஊதல் ஒலித்ததும் முந்நூறு பேரும் ஒரே உடலாய்ப் பாய்ந்தனர். குளிரினால் விறைத்திருந்த எனக்கு அவ்வேகம் இனிதாகவே இருந்தது. முதல் வளைவில், எனக்கு முன்னே ஓடிய சிறுவன் ஒருவன் சேற்றில் வழுக்கி வீழ்ந்தான். யான் அவனைத் தாண்டிக் குதித்து ஓடினேன். பின்வருவோர் தூக்குவர் என்று எண்ணியதாக இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் யாதும் எண்ணினேனில்லை. ஆறாவது கிலோமீட்டரில் கால்கள் மரத்துப்போயின. எஞ்சிய தூரத்திற் பெரும்பகுதியை நடந்தே கடந்தேன். ஏன் இவ்வாறாயிற்று என்று அறியும் விருப்பமே இக்கட்டுரைக்கு வித்து.

குளிர் ஓட்டத்திற்குப் பகையன்று, நட்பே எனலாம். நாம் உண்ட உணவினின்று எழும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே தசைகளின் வேலையாக மாறுகின்றது. மற்றை மூன்று பங்கும் வெப்பமாகிவிடுகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்றுவதே கோடையில் ஓடுவோனுக்குப் பெருஞ்சுமை. இது பற்றியே நெட்டோட்ட வீரர் 10 பாகையைச் சார்ந்த தட்பத்தை விரும்புவர். 2004ஆம் ஆண்டில் தொடங்கிய மும்பை மாரத்தானும் பெரும்பாலும் சனவரித் திங்களில் நடத்தப்படுகின்றது.

ஆனால் இந்நட்பில் ஒரு வஞ்சனை உண்டு. வெப்பத்தில் வேகமாக ஓடினால் உடல் உடனே முறையிடும். குளிரில் அம்முறையீடு காலந்தாழ்த்தே வரும். வியர்வை பெருகினும் விரைவில் உலர்ந்துவிடுதலின் கண்ணுக்குப் புலனாகாது. தாகம் மழுங்கிவிடுதலின் நீர் குறைவது தெரியாது. இளைப்பின்மையை வலிமை என்று மயங்கி, தசைகளிற் சேமித்த சர்க்கரையைத் தொடக்கத்திலேயே வாரி இறைத்துவிடுகின்றோம். போதாக்குறைக்கு, விறைத்த தசையை முதற் கணத்திலேயே முழுவிசையுடன் இழுத்தால் அது பிடித்துக்கொள்ளவும் கூடும். பந்தயத்திற்குமுன் பத்து நிமிடமேனும் மெல்ல ஓடி உடலைச் சூடேற்றிக்கொள்ளவேண்டும். பின்னர் ஊதல் ஒலிக்குங்காறும் பழஞ்சட்டை ஒன்றை மேலே போர்த்திருக்கவேண்டும். பாஸ்டன் முதலிய பெரும் பந்தயங்களில் ஓட்டக்காரர் புறப்படுமுன் களைந்தெறியும் உடைகளைத் திரட்டி அறச்செயலுக்கு வழங்குகின்றனர். எம்மூரில் அவற்றை வாங்கிவைத்துக்கொள்ள ஒரு தம்பி போதும்.

நிற்க. கூட்டத்தின் வஞ்சனை குளிரின் வஞ்சனையினும் பெரிது. 1896இல் ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடியவர் இருபதின்மருக்கும் குறைவு. மறு ஆண்டு தொடங்கிய பாஸ்டன் ஓட்டத்திலும் அத்தகைய சிறுதொகையினரே கலந்துகொண்டனர். அவ்வோட்டத்தின் நூறாவது நிகழ்ச்சியில், 1996ஆம் ஆண்டில், முப்பத்தையாயிரவருக்கு மேற்பட்டோர் ஓடினர். இத்துணைப் பெருங்கூட்டத்தில் பின்வரிசையிலிருப்போன் புறப்படுகோட்டை அடையவே பல நிமிடங்கள் செல்லும். அதற்காகவே இக்காலத்தில் ஒவ்வொருவர்மீதும் சிறு மின்சில்லு பொருத்தி, அவரவர் கோட்டைக் கடந்த கணத்தினின்று காலத்தைக் கணக்கிடுகின்றனர். வேகத்திற்கேற்பப் பிரிவு பிரிவாகவும் அனுப்புகின்றனர். ஊர்ப்பந்தயத்தில் சில்லும் இல்லை, பிரிவும் இல்லை. முதல் நூறு கஜத்தில் முந்தாதவன் தோற்றான் என்னும் அச்சமே எல்லாரையும் நெருக்குகின்றது. சுண்ணாம்புத் தூளால் நாலு கோடிட்டு, விரைவோர் முன்னும் சிறுவர் பின்னுமாக நிறுத்துதற்கு என்ன செலவாகும்? பரிசுக் கோப்பைக்குச் செய்யும் செலவில் நூறில் ஒரு பங்கும் ஆகாது.

நெரிசலில் இடைவெளி கண்ட இடமெல்லாம் புகுந்து வளைந்து வளைந்து முந்துவோர் ஒன்றை மறக்கின்றனர். அளந்து விதித்த பந்தயப் பாதையின் தூரம், வளைவுகளில் உள்விளிம்பினின்று 30 சென்டிமீட்டர் தள்ளிச் செல்லும் மிகக் குறுகிய வழியாலே கணக்கிடப்படுவது. அவ்வழியினின்று விலகி ஒவ்வொருவனைச் சுற்றும்போதும் நாம் விதித்ததினும் மிகுதியாக ஓடுகின்றோம். கூட்டம் தானே நெகிழுங்காறும் அதன் வேகத்திற்கு அடங்கிச் செல்வது இழப்பன்று. குளிர்ந்த உடல் சூடேறுதற்குக் கிடைத்த அவகாசம். நீர்ப்பந்தலிலும் முதல் மேசையில் மொய்க்காமல் கடைசி மேசைக்குச் செல்வதே தக்கது. எதிர்காற்று வீசும்போது முன்னோடுவோனின் முதுகே நமக்குச் சுவராகும். ஆதலின் முறை மாற்றி முன்செல்வதே நேர்மை.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் நடந்த பாஸ்டன் மாரத்தானில் குளிரும் மழையும் எதிர்காற்றும் ஒருங்கே தாக்கின. தலைசிறந்த வீரர் பலர் உடல் நடுங்கி இடையிலேயே விலகினர். டெசிரே லிண்டன் என்னும் அமெரிக்க நங்கையும் விலகவே எண்ணியிருந்தார். விலகுமுன் தம் நாட்டினர்க்கேனும் உதவுவோம் என்று கருதி, இடையில் நிற்க நேர்ந்த ஷலேன் பிளானகன் என்பாருக்காகத் தம் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை முன்னணிக் கூட்டத்தோடு மீண்டும் சேர்த்தார். பின்னர் நிகழ்ந்தது யாரும் எதிர்பாராதது: லிண்டனே 2 மணி 39 நிமிடம் 54 நொடியில் முதலாவதாக வந்தார். 33 ஆண்டுகளுக்குப்பின் அவ்வோட்டத்தில் வென்ற அமெரிக்கப் பெண் அவரே. ஆடவரில் வென்ற சப்பானியர் யூக்கி கவாவுச்சி முழுநேர வீரரல்லர்; அரசு ஊழியர். அவர் முதல் மைலை அளவிறந்த வேகத்தில் ஓடியே வென்றார் என்பதை மறைத்தல் தகாது. ஆனால் அவ்வாண்டுப் புத்தாண்டு நாளிலேயே சுழியத்தின் கீழ்ப் பல பாகைக் குளிரில் ஒரு மாரத்தானை முடித்துவந்த உடல் அது. மார்கழி முழுதும் முறுக்கும் கேக்கும் தின்ற என் உடலுக்கு அவர் வழி பொருந்தாது.

குளிர் கொல்லவும் கூடும் என்பதற்கு, 2021ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் சீனத்தின் கான்சு மாநிலத்தில் நிகழ்ந்த துயரம் சான்று. 100 கிலோமீட்டர் மலையோட்டத்திற்கு 172 பேர் புறப்பட்டனர். பகலில் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் திடீரெனத் தாக்கின. பலர் மெல்லிய அரைக்கால் உடையில் இருந்தனர். காற்றுத்தடுப்புச் சட்டை கட்டாயப் பொருளாக விதிக்கப்பட்டிருக்கவில்லை. நனைந்த துணி உடல்வெப்பத்தை உறிஞ்சும். காற்று அதனைப் பன்மடங்காக்கும். இயல்பாக 37 பாகையில் நிற்கும் உள்வெப்பம் 35க்குக் கீழிறங்கின் அறிவு தடுமாறும். இன்னும் இறங்கின் நடுக்கமும் நின்றுவிடும். நடுக்கம் நின்றதை நலமென்று கருதுவோன் அழிவான். அன்று 21 பேர் மாண்டனர். சூ கெமிங் என்னும் ஆட்டிடையர், தாம் ஒதுங்கியிருந்த குகையில் தீமூட்டி அறுவரைக் காத்தார்.

இச்செய்தியைப் படித்தபோது, வகுப்பிற் பயின்ற நெடுநல்வாடையே எனக்கு நினைவில் எழுந்தது. அங்கும் மழையால் மேட்டுநிலம் சேர்ந்த கோவலர் தீக்காய்கின்றனர். அதனினும் என்னை வருத்தியது நக்கீரர் அடுத்துக் காட்டும் ஒன்று. வாடையின் கடுமையால் கறவை தன் கன்றையே பால் உண்ணவிடாது உதைத்துத் தள்ளுகின்றதாம். புலவர் பசுவைக் குறைகூறவில்லை. யான் அவ்வரியை உரையோடு இருமுறை படித்திருந்தும், அயலூர்ப் பாதையின் முதல் வளைவுக்குமுன் அதன் பொருளை உணர்ந்தேனில்லை.

அன்று பந்தயம் முடிந்தபின், ஓடியவரெல்லாம் ஒரு பம்புசெட்டுத் தொட்டியிற் கால் கழுவினோம். கிணற்றுநீர் வெதுவெதுப்பாக இருந்தது. கரிசல் எளிதிற் கரைவதன்று. விரலிடுக்கிற் புகுந்தால் தோண்டியே எடுக்கவேண்டும். எனக்கு அருகில் முழங்கால் சிராய்த்த சிறுவன் ஒருவன் குந்தியிருந்து காயத்தின்மேல் நீர் வார்த்துக்கொண்டிருந்தான். வீழ்ந்தவன் இவன்தானோ என்று அறியேன். யான் அவன் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. "அண்ணே, நீங்க எத்தனையாவது?" என்று அவன் கேட்டான். எண்ணைச் சொன்னேன். "நான் உங்களுக்கு முந்தியே வந்துட்டேன்" என்று சிரித்தான்.