கல்வெளியில் மலரும் பர்ரன்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்துச் சிற்றூர்களில் தங்கி ஓய்வெடுக்க வருவோர் காண விழையும் இடம் பர்ரன். ஐரிஷ் மொழியில் இப்பெயர் கல் நிறைந்த நிலத்தைக் குறிக்கும். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், வெப்பமண்டலக் கடலடியில் படிந்த உயிரினங்களின் ஓடுகள் இறுகி உருவான சுண்ணாம்புப் பாறைகள், தளம் பாவியதுபோல் இங்கு விரிந்து கிடக்கின்றன.

அப்பாறைத் தளத்தின்மீது போல்னபுரோன் கல்திட்டை நிற்கிறது. நிமிர்ந்த கற்களின்மேல் பலகைக்கல் ஏற்றப்பட்ட இவ்வீமச்சின்னம் 5000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. 1986இல் தொடங்கிய அகழாய்வில் முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. தென்மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி 214 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன மோஹர் செங்குத்துப் பாறைகள்.

இளவேனிலில் பர்ரனின் பாறை இடுக்குகளிலும் புல்வெளிகளிலும் நீல ஜென்ஷியன் முதலான அரிய மலர்கள் பூக்கின்றன. பனிநாடுகளுக்குரிய செடிகளும் மத்தியதரைக் கடற்பகுதிச் செடிகளும் அருகருகே வளர்வது இந்நிலத்தின் தனிச்சிறப்பாகும். இம்மலர்வளத்தைக் காப்பதில் உழவர்களுக்கும் பங்குண்டு. அவர்கள் குளிர்காலத்தில் மாடுகளை மேட்டுநிலத்தில் மேயவிட்டு, இளவேனிலில் கீழே ஓட்டிவருகின்றனர். முற்றிய புல்லை மாடுகள் மேய்ந்துவிடுவதால் சிறுசெடிகளுக்கு ஒளி கிடைக்கிறது. மேய்ச்சல் நின்ற இடங்களிலோ ஹேசல் புதர்கள் பரவி அவற்றை மூடிவிடுகின்றன. ஆகவே, மேய்ச்சல் தொழில் நலிந்தால் பயணியர் நாடிவரும் மலர்வெளியும் மறையும்.