காபின் இல்லாமலே தசை புடைக்கும்

மாலை 7 மணிக்கு ஜிம்முக்குப் போகிறவர் காபின் கலந்த பவுடரைக் குடித்தால், நள்ளிரவிலும் அந்தக் காபினில் ஏறக்குறைய பாதி உடலிலேயே இருக்கும்; தூக்கம் கெடும். தசை புடைக்க அது தேவையே இல்லை. தசையில் ரத்தம் நிரம்பிப் புடைக்க, ரத்தக் குழாயை விரிப்பது நைட்ரிக் ஆக்சைடு. அதற்கு மூலப்பொருளான அர்ஜினைனை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துவிடும். சிட்ருலின் என்ற அமினோ அமிலமோ சிறுநீரகத்தில் அர்ஜினைனாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. 6 முதல் 8 கிராம், பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு போதும். பீட்ரூட் சாறு என்றால் 2 முதல் 3 மணி நேரம் முன்பே குடியுங்கள். அதன் நைட்ரேட் நைட்ரிக் ஆக்சைடாவதற்கு முதலில் அதை மாற்றித் தருவது வாயிலுள்ள பாக்டீரியா என்பதால், கிருமிகொல்லி மவுத்வாஷ் அன்று வேண்டாம்.

சற்று நேரத்தில் வடிந்துவிடும் புடைப்பால் என்ன பயன் என்று கேட்பது நியாயம்தான். தசையை வளர்ப்பது பயிற்சியும் உணவும்தான். சிட்ருலின் சிலருக்குக் கூடுதலாக ஓரிரு முறை எடை தூக்க உதவலாம், அவ்வளவே. ரத்த அழுத்தத்துக்கோ நெஞ்சுவலிக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.